சாய்தளம் இருக்கிறது, ஆனால் என் மகளால் ஏற முடியவில்லை: யாரிடம் கேட்பது?

பாப்பா அப்பா

எல்லோருக்கும் வணக்கம். இங்கே ரொம்ப நாளாகப் படிப்பதோடு சரி, எழுதியதில்லை. இப்போது உங்கள் யோசனை தேவைப்படுகிறது.

என் மகளுக்குப் பிறவியிலேயே மூளை முடக்குவாதம். இரண்டு கால்களும் இறுக்கம். கைகள் நன்றாக வேலை செய்யும், படிப்பில் கெட்டி. ஐந்தாம் வகுப்பு வரை தெருமுனையில் இருக்கும் தொடக்கப் பள்ளி. பழைய ஓட்டுக் கட்டடம், வாசலில் ஒரே ஒரு படி. வாக்கரைப் பிடித்துக்கொண்டு அவளே ஏறிவிடுவாள்.

இந்த ஜூனில் ஆறாம் வகுப்பு. அரசு உயர்நிலைப் பள்ளியில் சேர்த்தோம். சேர்க்கும்போதே கேட்டேன். "சாய்தளம் இருக்கு சார், கவலைப்படாதீங்க" என்றார்கள். இருக்கத்தான் செய்கிறது. முதல் நாள் வீல்சேரைத் தள்ளிக்கொண்டு ஏறினேன். பாதியில் முன்சக்கரம் இரண்டும் தரையை விட்டு எழும்பிவிட்டன. பாப்பா பின்பக்கமாகச் சாய்ந்து என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். அன்றிலிருந்து நான் தூக்கிக்கொண்டு போய் வகுப்பில் உட்காரவைக்கிறேன், வீல்சேரைக் காவலர் அண்ணன் தூக்கி வருகிறார்.

அதைவிடப் பெரிய கஷ்டம் கழிவறை. மைதானத்துக்கு அந்தப் பக்கம், மூன்று படி ஏறி, ஒடுக்கமான கதவு, உள்ளே குந்தும் வகை. என் மனைவி தினமும் மதியம் பன்னிரண்டரைக்குத் தையல் வேலையை நிறுத்திவிட்டுப் பள்ளிக்குப் போய்த் தூக்கிக்கொண்டு போகிறாள். ஒரு நாள் அவளுக்குக் காய்ச்சல், போக முடியவில்லை. அன்று சாயங்காலம்தான் கவனித்தேன், பாப்பாவின் தண்ணீர் பாட்டில் காலையில் நிரப்பியபடியே திரும்பி வந்திருந்தது. கேட்டால், "அம்மா வரலைன்னா ஒண்ணுக்குப் போக முடியாதேப்பா, அதான் குடிக்கலை" என்கிறாள். பிறகு விசாரித்தால் தினமுமே அப்படித்தான். அம்மா வருவதற்கு முன் குடிப்பதில்லை, போன பிறகும் குடிப்பதில்லை.

ஆசிரியர்கள் நல்லவர்கள். யாரோடும் சண்டை போட விருப்பமில்லை. சாய்தளத்துக்கு ஏதாவது அளவு இருக்கிறதா, யாரிடம் கேட்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அளவுகோல்

சார், நான் கட்டட வேலையில் இருபது வருடமாக இருக்கிறேன். ஒரு டேப் எடுத்துக்கொண்டு போய், தரையிலிருந்து வராண்டா எத்தனை உயரம், சாய்தளம் எத்தனை நீளம், எத்தனை அகலம் என்று அளந்து போடுங்கள். மேலே ஏறி முடித்ததும் நிற்க எவ்வளவு இடம் என்பதையும் பாருங்கள்.

பாப்பா அப்பா

வீட்டிலிருந்த தையல் டேப்பில்தான் அளந்தேன். ஒரு முனையைப் பாப்பாதான் பிடித்துக்கொண்டாள். உயரம் 2 அடி. நீளம் 7 அடி. அகலம் 3 அடி. கைப்பிடி இல்லை. மேலே ஏறியதும் இரும்பு கிரில் கேட், அதுவும் வெளிப்பக்கம் திறப்பது. கேட்டைத் திறக்க வேண்டுமென்றால் வீல்சேரோடு சரிவிலேயே பின்னால் போக வேண்டும்.

அளவுகோல்

அப்படியானால் அதைச் சாய்தளம் என்றே சொல்லக் கூடாது. சிமென்ட் மூட்டை ஏற்றிய தள்ளுவண்டியே அதில் ஏறாது.

கணக்கு எளிது. 1க்கு 12. ஓர் அங்குலம் உயர, 12 அங்குலம் நீளம் வேண்டும். இதைவிடச் செங்குத்தாக இருக்கவே கூடாது. உயரம் கூடக்கூட இன்னும் நீட்டிப் போடுவது நல்லது. உங்கள் பள்ளியில் 2 அடி உயரத்துக்குக் குறைந்தது 24 அடி வேண்டும், போட்டிருப்பது 7 அடி. நேராக 24 அடிக்கு இடமில்லை என்பார்கள். நேராகப் போட வேண்டியதில்லை. சுவரை ஒட்டி 12 அடி, நடுவில் 5 அடிக்கு 5 அடி சமதளம், அங்கே திரும்பி இன்னொரு 12 அடி. அந்தச் சமதளம் மூச்சு வாங்கி நிற்பதற்கும்தான். அகலம் 4 அடி. மேலே கேட்டுக்கு முன்னாலும் 5 அடி சமதளம். கேட்டை உள்பக்கம் திறப்பதாக மாற்றிவிட்டால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும், வெல்டருக்கு அரை நாள் வேலை.

கைப்பிடி இரண்டு பக்கமும், இரண்டு உயரத்தில்: 700 மில்லிமீட்டரில் ஒன்று, 900இல் ஒன்று. மேல் கம்பி பெரியவர்களுக்கு, கீழ்க் கம்பி குழந்தைகளுக்கும் வீல்சேரில் இருப்பவர்களுக்கும். ஓரத்தில் சின்னத் திண்டு கட்ட வேண்டும், இல்லையென்றால் சக்கரம் விளிம்பை விட்டு இறங்கிவிடும். டைல்ஸ் மட்டும் போட விடாதீர்கள். திறப்பு விழாவுக்குப் பளபளவென்று இருக்கட்டும் என்று போடுவார்கள், முதல் மழையில் வழுக்கும். சிமென்ட் பூசி, ஈரம் காய்வதற்குள் தென்னந்துடைப்பத்தால் குறுக்கே இழுத்தாலே போதும், நல்ல சொரசொரப்பு கிடைக்கும்.

கழிவறை விஷயத்தில்தான் எங்கள் தொழிலில் நடக்கும் தப்பு அதிகம். உள்ளே வீல்சேர் முழுதாகத் திரும்ப 5 அடி வட்டம் வேண்டும். கதவு திறந்தால் 900 மில்லிமீட்டர் வழி கிடைக்க வேண்டும், வெளிப்பக்கம் திறக்க வேண்டும் அல்லது நகர்த்தும் கதவாக இருக்க வேண்டும். உள்பக்கம் திறக்கும் கதவென்றால், குழந்தை உள்ளே விழுந்துவிட்டால் வெளியிலிருந்து யாராலும் திறக்க முடியாது. பிடிக்கம்பி சுவரில் முழு எடையைத் தாங்க வேண்டும். ஓர் இடத்தில் துண்டு போடும் கம்பியை வாங்கி வந்து மாட்டியிருந்ததை நானே பார்த்தேன். கையை வைத்து அழுத்தினேன், திருகாணியோடு கையில் வந்துவிட்டது. பெரியவர் ஒருவர் அதை நம்பி எழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அன்று இரவு எனக்குத் தூக்கமில்லை.

பழைய ஹெச்.எம்.

தம்பி, உங்கள் பள்ளி வாக்குச்சாவடியா என்று பாருங்கள். பெரும்பாலும் அதுதான் காரணம்.

நான் 34 வருடம் ஆசிரியர், கடைசி 9 வருடம் தலைமையாசிரியர். வாக்குச்சாவடி என்றால் சாய்தளம் இருந்தே ஆக வேண்டும் என்பது தேர்தல் ஆணையத்தின் விதி. அதனால் தேர்தல் அறிவித்ததும் அவசர அவசரமாக வந்து கட்டிவிட்டுப் போவார்கள். ஓட்டுப் போடும் அறை எதுவோ அந்த அறைக்கு மட்டும். பட்டியலில் "சாய்தளம்: உள்ளது" என்று டிக் அடித்தாயிற்று. ஓட்டுக்கு வரும் பெரியவரை இரண்டு பேர் தாங்கிப் பிடித்து ஏற்றிவிடுவார்கள், ஐந்து வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை. குழந்தை தினமும் நான்கு தடவை ஏறி இறங்க வேண்டும். இந்த வித்தியாசத்தை யாரும் எழுதிக் கேட்பதில்லை.

இன்னொன்று, இப்போதே கேட்டு வையுங்கள். ஒன்பதாம் வகுப்பும் அறிவியல் ஆய்வகமும் எந்த மாடியில்? என் பள்ளியில் ஊன்றுகோலோடு நடக்கும் பையன் ஒருவன் பத்தாம் வகுப்புக்கு வந்தபோதுதான் அது மாடியில் இருப்பது என் புத்தியில் உறைத்தது. பத்தாம் வகுப்பைக் கீழே கொண்டு வந்து எட்டாம் வகுப்பை மேலே அனுப்பினேன். ஒரு பைசா செலவில்லை, கால அட்டவணையில் இரண்டு வரி மாற்றம். ஆனால் அதைச் செய்ய எனக்கு ஜூலை கடைசி ஆனது. அதுவரை அந்தப் பையன் 22 படி ஏறிக்கொண்டிருந்தான். அவன் என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லாததால் நான் பார்க்கவில்லை. அது என் தவறுதான்.

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் தீர்மானமாகக் கொண்டு வாருங்கள். குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் என்பது சட்டம். வாய்ப்பேச்சு காற்றோடு போய்விடும், தீர்மானப் புத்தகத்தில் ஏறிவிட்டால் நிற்கும். அளவோடு எழுதுங்கள்: "சாய்தளம் வேண்டும்" என்று எழுதினால் "இருக்கிறதே" என்பார்கள்.

வகுப்பறை

நான் நடுநிலைப் பள்ளி ஆசிரியை. தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம், மனதில் பட்டதைச் சொல்கிறேன். என் வகுப்பில் 46 பிள்ளைகள். உதவிக்கு ஆயா கிடையாது. அப்படி ஒரு குழந்தை வந்து, இடைவேளையில் யாராவது தள்ளிவிட்டு அடிபட்டால் கேள்வி கேட்பது என்னைத்தான். வசதியே இல்லாத இடத்தில் சேர்ப்பதைவிட, பயிற்சி பெற்ற ஆசிரியர்களும் தெரபியும் இருக்கும் சிறப்புப் பள்ளி அந்தக் குழந்தைக்கே நல்லதில்லையா?

பாப்பா அப்பா

டீச்சர், உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. எங்கள் ஊரிலிருந்து சிறப்புப் பள்ளி 40 கிலோமீட்டர், விடுதியில் விட வேண்டும். 11 வயதுப் பிள்ளை. அவளுக்குப் படிப்பு ஏறவில்லை என்றால் யோசிக்கலாம். ஏறாதது வீல்சேர் மட்டும்தான். அவளுடைய தோழிகள் நான்கு பேரும் இந்தப் பள்ளியில்தான் இருக்கிறார்கள். மதியச் சாப்பாட்டை ஒன்றாகத்தான் சாப்பிடுகிறார்கள்.

நெல்லை வக்கீல்

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 31: 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ள, 6 முதல் 18 வயது வரையிலான குழந்தைக்கு அருகமைப் பள்ளியிலோ சிறப்புப் பள்ளியிலோ இலவசமாகப் படிக்கும் உரிமை உண்டு. எந்தப் பள்ளி என்பது அவர்கள் விருப்பம். பிரிவு 16: அரசுப் பள்ளியும் அரசு உதவிபெறும் அல்லது அங்கீகாரம் பெற்ற பள்ளியும் கட்டடத்தையும் வளாகத்தையும் மற்ற வசதிகளையும் அவர்கள் பயன்படுத்தும்படி ஆக்கித் தர வேண்டும். பிரிவு 45: ஏற்கெனவே இருக்கும் பொதுக் கட்டடங்களை, விதிகள் வந்ததிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் மாற்றியாக வேண்டும். விதிகள் வந்தது 2017 ஜூன். கெடு 2022 ஜூனிலேயே முடிந்துவிட்டது.

இன்னும் ஏன் நடக்கவில்லை என்பதற்கு உச்ச நீதிமன்றமே ஒரு காரணம் கண்டுபிடித்தது. பார்வையற்றவரான ராஜீவ் ரதூரி 2005இல் போட்ட வழக்கு. 2017இல் ஒரு தீர்ப்பு வந்தது. பிறகு 2024 நவம்பர் 8 அன்று வந்த தீர்ப்பில், சட்டம் "கட்டாயம்" என்கிறது, ஆனால் விதி 15 சுட்டிக்காட்டும் வழிகாட்டிகள் வெறும் பரிந்துரை போல எழுதப்பட்டிருக்கின்றன, அந்த விதி சட்டத்துக்கு முரணானது என்று நீதிமன்றம் சொன்னது. எவை கட்டாயம் என்று பிரித்து மூன்று மாதத்துக்குள் விதி செய்யும்படி மத்திய அரசுக்கு உத்தரவும் போட்டது. அதாவது "முடிந்தால் செய்யுங்கள்" என்று எழுதினால் யாரும் செய்யமாட்டார்கள் என்பதை நீதிமன்றம் ஒப்புக்கொண்டது.

உங்கள் விஷயத்தில் உடனே வழக்கு வேண்டாம். தீர்மான நகலை இணைத்து மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்கும் முதன்மைக் கல்வி அலுவலருக்கும் மனுக் கொடுங்கள். திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுத்தால் மனு எண் கிடைக்கும். அது போதவில்லையென்றால் சென்னையில் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர் இருக்கிறார், அவருக்கு விசாரிக்கும் அதிகாரம் உண்டு.

கைமொழி

வகுப்பறை டீச்சர் சொன்னதை எல்லோரும் ஒரேயடியாகத் தள்ளிவிட வேண்டாம். என் மகனுக்குக் காது கேட்காது. மூன்றாம் வகுப்பு வரை பக்கத்துப் பள்ளியில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கரும்பலகையைப் பார்த்து எழுதிக்கொண்டு வந்தான். நோட்டு அழகாக இருக்கும், ஒரு வரிக்கும் அர்த்தம் தெரியாது. செவித்திறன் குறையுடையோர் பள்ளியில் சேர்த்த இரண்டே மாதத்தில் சைகையில் என்னிடம் கேள்வி கேட்க ஆரம்பித்தான். முதல் கேள்வி, "மழை எங்கிருந்து வருது?" எட்டு வயதில். அவனுக்கு வேண்டியது சாய்தளமில்லை, அவன் மொழி பேசும் மனிதர்கள். வக்கீல் சார் சொன்ன "விருப்பம்" என்ற சொல்லை இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ள வேண்டும். பக்கத்துப் பள்ளியில் வசதி இல்லாததால் வேறு வழியின்றி வெளியே போவதை விருப்பம் என்று சொல்ல முடியாது.

வெண்கோல்

திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் திரைவாசிப்பான் வழியாக இந்த இழை முழுவதையும் கேட்டேன். நான் முழுப் பார்வையற்றவன், பூந்தமல்லி அரசுப் பள்ளியில் படித்தவன், இப்போது அரசு ஊழியர்.

பாப்பா அப்பாவுக்கு ஒன்று. புதுச் சாய்தளம் கட்டும்போது அது தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் புள்ளி டைல் ஒரு வரிசை போடச் சொல்லுங்கள். காலுக்கு அடியில் புள்ளி என்றால் "நில், கவனி", நீளக் கோடு என்றால் "இந்த வழியாக நட". இந்தப் பள்ளியில் இன்று பார்வையற்ற பிள்ளை இல்லாமல் இருக்கலாம், அடுத்த வருடம் வரலாம். செலவு அதிகமில்லை.

ஆனால் போடுகிறவருக்கு அர்த்தம் தெரிந்திருக்க வேண்டும். என் அலுவலகத்துக்குப் போகும் நடைபாதையில் மஞ்சள் கோடு டைல் போட்டபோது அவ்வளவு சந்தோஷப்பட்டேன். மூன்றாம் நாள் அதைப் பிடித்துக்கொண்டே நடந்தேன், கோடு நேராக ஒரு மின்கம்பத்தின் இழுவைக் கம்பியில் போய் முடிந்தது. கோல் கம்பிக்குக் கீழே புகுந்துவிட்டது, நெற்றி கம்பியில். மூன்று தையல். கோல் தரையைத்தான் பார்க்கும், நெஞ்சு உயரத்தில் இருப்பதைப் பார்க்காது. மரக்கிளை, ஏ.சி. பெட்டி, கடைப் பலகை, திறந்து கிடக்கும் ஜன்னல் கதவு எல்லாமே எங்களுக்கு இதே கதைதான். பள்ளி வராண்டாவில் வெளிப்பக்கம் திறக்கும் ஜன்னல்கள் இருந்தால் பாருங்கள், பார்வையுள்ள பிள்ளைகளும் ஓடி வந்து முட்டிக்கொள்வார்கள்.

கடல்காற்று

சென்னையிலிருந்து. பள்ளி விஷயத்தோடு நேரடியாகச் சேராது, ஆனாலும் சொல்லத் தோன்றுகிறது.

மெரினாவில் 2022 நவம்பர் 27 அன்று மரப்பாதை திறந்தார்கள், 263 மீட்டர். அதற்கு முன்பெல்லாம் டிசம்பரில் சில நாட்களுக்குத் தற்காலிகமாகப் பாதை போட்டு எடுத்துவிடுவார்கள். நிரந்தரமாக வேண்டும் என்று மாற்றுத்திறனாளி அமைப்புகள் வருடக்கணக்கில் கேட்டுத்தான் அது வந்தது. முதல் வாரமே அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். பக்கவாதம் வந்து எட்டு வருடம். திருவல்லிக்கேணியில் பிறந்தவள், எட்டு வருடமாகக் கடலைச் சாலையிலிருந்துதான் பார்த்துக்கொண்டிருந்தாள். பாதை முடியும் இடத்தில் பேசாமல் உட்கார்ந்திருந்தாள். தூரத்தில் அலை அடித்தபோது சாரல் முகத்தில் பட்டது, "உப்புக் கரிக்குதுடா" என்றாள். இரண்டே வாரத்தில் மாண்டஸ் புயல் பாதையைப் பெயர்த்துவிட்டது. பிறகு சரி செய்தார்கள். புயலுக்கு யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் பலகை பெயர்ந்தால் மாற்றுவது யார் வேலை என்பது கட்டும்போதே எழுதப்பட்டிருக்க வேண்டும்.

பேருந்தும் அப்படித்தான். 2024 ஆகஸ்டிலிருந்து தாழ்தளப் பேருந்துகள் ஓடுகின்றன, ஒரு பக்கம் சாய்ந்து இறங்கி, பலகையை விரித்தால் வீல்சேர் ஏறும். நீதிமன்றம் வரை போய்ப் போராடி வாங்கியது. ஆனால் நிறுத்தத்தில் ஆட்டோக்கள் நின்றால் பேருந்து நடுரோட்டில்தான் நிற்கும். அப்போது பலகை நடைபாதைக்கு எட்டாமல் ரோட்டில் இறங்கும், சரிவு செங்குத்தாகிவிடும். அளவுகோல் சார் சொன்ன 1க்கு 12 அங்கே காணாமல் போய்விடுகிறது.

வன்னி அக்கா

கிளிநொச்சியிலிருந்து எழுதுகிறேன். இங்கே 2009க்குப் பிறகு கால் இழந்தவர்கள் இல்லாத ஒழுங்கை (தெரு) குறைவு. என் தம்பி ஷெல் பட்டு இடது காலை இழந்தவன். யாழ்ப்பாணம் ஜெய்ப்பூர் நிறுவனத்தில் செயற்கைக் கால் போட்டு, படித்து, இப்போது ஒரு பாடசாலையில் கணித ஆசிரியர். அவனுடைய வகுப்புகள் மூன்றும் மேல்மாடியில். மாரி காலத்தில் படி ஈரமாக இருந்தால் செயற்கைக் கால் வழுக்கும். பிள்ளைகளைப் பற்றி எல்லோரும் கதைக்கிறீர்கள், சரிதான், ஆனால் ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் இதே பாதை தேவை. பெற்றோர் கூட்டத்துக்கு வருகிற தாய்க்குக் கால் இல்லையென்றால் அவள் கீழேயே நின்றுவிட்டுப் போகவா?

இலங்கையிலும் 2006இல் ஒழுங்குவிதிகள் வந்தன, பழைய பொதுக் கட்டடங்களுக்கு மூன்று வருட அவகாசம் கொடுத்தார்கள். கலாநிதி அஜித் பெரேரா, தானே சக்கர நாற்காலியில் இருந்தவர், உயர் நீதிமன்றம் (உங்கள் உச்ச நீதிமன்றம் போல) போய் 2011 ஏப்ரலில் உத்தரவு வாங்கினார். உங்களுக்கு ஐந்து, எங்களுக்கு மூன்று. இரண்டு கெடுவும் முடிந்துவிட்டது. அதனால் அண்ணை, தீர்மானத்தில் திகதி போடுங்கள். எந்த மாதத்துக்குள், யார் பொறுப்பு என்று எழுதாவிட்டால் ஏலாது.

வகுப்பறை

இரண்டு நாள் யோசித்தேன். நேற்று என் வகுப்பை அளந்தேன். பெஞ்சுகளுக்கு நடுவே ஒன்றரை அடிதான் இருக்கிறது, வீல்சேர் வந்தால் கதவோரமே நிற்க வேண்டியிருக்கும். ஒரு பெஞ்சைச் சுவரோரம் தள்ளினால் மூன்றடி கிடைக்கிறது. ஆயா கேட்டது மட்டும் என் நிலையான கோரிக்கை. கழிவறைக்கு அழைத்துப் போக ஒரு பெண் உதவியாளர் இல்லாமல் எல்லாப் பொறுப்பையும் டீச்சர் தலையில் வைக்கக் கூடாது. அதையும் அந்தத் தீர்மானத்தில் சேர்க்கச் சொல்லுங்கள்.

பழைய ஹெச்.எம்.

டீச்சர் சொல்வது முழுக்க நியாயம். சேருங்கள் தம்பி. வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநரும் இயன்முறை மருத்துவரும் இருப்பார்கள், கூட்டத்துக்கு அவர்களையும் கூப்பிடுங்கள். உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாகச் சேர்க்க 2025இல் சட்டத்தைத் திருத்தியிருக்கிறார்கள். உங்கள் ஊராட்சியில் அப்படி யாராவது இருந்தால் அவர் கையெழுத்தையும் வாங்குங்கள்.

பாப்பா அப்பா

வெள்ளிக்கிழமை கூட்டம் முடிந்தது. அளவுகோல் சார் சொன்ன அளவுகளை ஒரு தாளில் படமாக வரைந்து கொண்டு போனேன். படம் வரைந்தது பாப்பா, கலர் பென்சிலில். தலைமையாசிரியர் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு எழுந்து வெளியே போய், அந்த ஏழடிச் சரிவில் வெறும் வீல்சேரைத் தானே தள்ளிப் பார்த்தார். திரும்பி வந்து எதுவும் பேசாமல் தீர்மானப் புத்தகத்தைத் திறந்தார்.

நான்கு தீர்மானம்: சாய்தளம், கழிவறை, உதவியாளர், ஒன்பதாம் வகுப்பு கீழ்த்தளம். முதல் இரண்டுக்கும் டிசம்பருக்குள் என்று தேதி போட்டிருக்கிறார்கள். கழிவறைக்கு நிதி வர வேண்டும், மனு திங்கட்கிழமை கொடுக்கிறேன். உதவியாளர் பற்றி ஒரு பதிலும் இல்லை, அதுவரை என் மனைவி போய்த்தான் ஆக வேண்டும். சாய்தளத்துக்கு ஊரில் ஒருவர் மணலும் ஜல்லியும் தருவதாகச் சொல்லியிருக்கிறார். கேட்டை மட்டும் நாளைக்கே மாற்றுகிறோம்.

அளவுகோல் சார், ஒரு சந்தேகம். வெல்டர் நாளை கைப்பிடிக்கும் சேர்த்து அளவெடுக்க வருகிறார். கீழ்க் கம்பி 700 என்றீர்கள். பாப்பா வீல்சேரில் உட்கார்ந்தபடி எட்டிப் பிடித்து இழுக்க 700 சரியாக வருமா, இன்னும் இறக்க வேண்டுமா?

அளவுகோல்

வெல்டர் வரும்போது பாப்பாவையும் வீல்சேரையும் அங்கேயே கொண்டு போங்கள் சார். 700இல் ஒரு கயிறு கட்டிப் பிடிக்கச் சொல்லுங்கள். தோள் தூக்காமல் முழங்கை லேசாக மடங்கினால் சரி. தோள் ஏறினால் அவளுக்காக மூன்றாவதாக இன்னும் கீழே ஒரு கம்பி சேர்க்கச் சொல்லுங்கள், 700ஐயும் 900ஐயும் மாற்ற வேண்டாம். கம்பிக்கும் சுவருக்கும் நடுவே விரல் புகுந்து வர 50 மில்லிமீட்டர் இடைவெளி விடச் சொல்ல மறக்காதீர்கள். முனைகளை வளைத்து மூடச் சொல்லுங்கள், நீட்டிக்கொண்டிருந்தால் துப்பட்டா மாட்டும்.